இசைக் கல்வெட்டைப் பாடிக் காட்ட ஆள் தேவை

வணக்கம் நண்பர்களே. புதுக்கோட்டையில் எங்கள் மரபுக் குழுவின் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாதம் ஒரு உரை, அதையொட்டி ஒரு பயணம் என்பது வழக்கம். நார்த்தாமலைக்கும் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும் பேச ஆள் கிடைத்துவிட்டது.

தேடுவது குடுமியான்மலைக்குத்தான். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறதே, ஏழு ராகங்களுக்கான சுரக்கோவைகள், அதை வாசித்து விளக்கினால் மட்டும் போதாது. பாடியும் காட்ட வேண்டும். அந்தச் சுரங்கள் காதில் விழாமல் அங்கிருந்து திரும்புவது பெரிய இழப்பு. இசையும் எழுத்தும் தெரிந்த ஒருவர் அமைந்தால் நல்லது; இருவர் சேர்ந்து வந்தாலும் சரி. போக்குவரத்து, சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இன்னொன்று. சித்தன்னவாசலில் ஓவியங்களைப் பார்ப்பதோடு நிற்காமல், மலைமேல் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறிச் சமணர் படுக்கைகளையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டையும் காட்ட ஆசை. அறுபது வயது தாண்டியவர்கள் பலர் வருகிறார்கள். பெரியவர்களை அங்கே அழைத்துப் போனவர்கள் யாராவது உண்டா? பாறை சுடுவதற்குள் இறங்கிவிட எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள்? தை மாதமா, மாசியா, எது வசதி?

தெரிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள். பொங்கலுக்குள் நிரலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.