புதுப்பிப்பு: கொங்கோ அகதிக் குடும்பத்துக்கு அறுவை சிகிச்சைச் செலவு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

குடலிறக்கம் இறுகிப்போன ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள், நிதி திரட்ட உதவுங்கள் என்று இங்கே எழுதியிருந்தேன். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது நிதி திரட்டல் அல்ல. "கட்டண வகையை மாற்றச் சொல்லுங்க" என்று அக்கா ஒருவர் சொன்னதுதான். பதிவு மேசையில் அவரை முழுக்கட்டண வெளிநாட்டவராகப் போட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, அகதிக்கும் உள்ளூர்வாசிக்கும் அடிப்படை மருத்துவ உரிமை ஒன்றே. 1998 அகதிகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு அகதி அனுமதியின் நகல், முகவரிச் சான்று, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் (காவல் நிலையத்தில் காசில்லாமல் முத்திரை போடுவார்கள்) மூன்றையும் கொடுத்ததும் எச்1 வகைக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகைக் கட்டணம்) மாற்றினார்கள்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27(3) பிரிவு அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது, இலவசம் என்று சொல்லவில்லை. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். உள்ளே சேர்த்துக்கொள்வார்கள், பில் பின்னால் வரும்.

எதிர்பாராதது இரண்டு. வகை மாறியும் முன்பே போட்ட பில் தானாகக் குறையவில்லை. கட்டணப் பிரிவில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு, அனுமதியிலும் மருத்துவமனை அட்டையிலும் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. அட்டையைத் திருத்தும்வரை விண்ணப்பம் நகரவே இல்லை. முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள்.