குணமாகி வீட்டுக்குப் போனவருக்கு மறுபடியும் பாசிட்டிவ்: கொரியா சொன்ன விளக்கம் சரியா?

கரிசல்காட்டான்:
2020 ஏப்ரலில் தென்கொரியாவில் நடந்ததை எல்லோரும் மறந்தாச்சு. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை நெகட்டிவ் வந்து, கொரோனா குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு மறுபடியும் பாசிட்டிவ். மாத ஆரம்பத்தில் தேகு நகரத்துப் பக்கம் 51 பேர், மாதக் கடைசியில் நாடு முழுக்க 260-க்கு மேல். நோய்க் கட்டுப்பாட்டு மையத் தலைவர் ஜியோங் உன்-கியோங்கே, உள்ளே இருந்த வைரஸ் மறுபடி கிளம்பியிருக்கலாம் என்றார். மே மாதம் வந்ததும், அது செத்த வைரஸின் துண்டுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த மையமே ஒரு அறிக்கை விட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். டெஸ்டை நம்பு என்று சொல்லி ஊரையே பூட்டிவிட்டு, அதே டெஸ்ட் தங்களுக்குச் சங்கடமாகச் சொன்னால் நம்பாதே என்பது என்ன நியாயம்?

லேப்மணி:
கொரியாவில் எங்கே ஊரைப் பூட்டினார்கள் அண்ணே? அங்கே முழு ஊரடங்கே கிடையாது, டெஸ்டும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப்பிடிப்பதும்தான் அவர்கள் வழி.

விஷயத்துக்கு வருகிறேன். பி.சி.ஆர். மெஷின் வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, அதன் ஆர்.என்.ஏ. (மரபணு) துண்டு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அந்தத் துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். எத்தனையாவது சுற்றில் அது தென்பட்டது என்பதுதான் சி.டி. எண், எண் கூடினால் வைரஸ் குறைவு என்று அர்த்தம். சி.டி. 20-ல் வருகிற சாம்பிளுக்கும் 30-ல் வருகிற சாம்பிளுக்கும் பத்துச் சுற்று வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. கொரியாவில் மறுபடி பாசிட்டிவ் ஆனவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு சி.டி. 30-க்கு மேல். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றை வார்த்தையைப் பார்த்து அலறினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மல்லிகா_ஆர்.என்:
மணி தம்பி, அந்த மே மாத அறிக்கையை நானும் பார்த்தேன். விசாரித்த 285 பேரில் அறிகுறி பற்றிய விவரம் கிடைத்தவர்களில் 44.7 சதவீதம் பேருக்கு இருமல், தொண்டைவலி என்று ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. செத்த துண்டுக்கு இருமல் வருமா? வார்டில் நிற்கிறவளுக்கு சி.டி. கணக்கு சோறு போடாது. எதிரே இருமுகிறவரிடமிருந்து எனக்குத் தொற்றுமா தொற்றாதா, அதைச் சொல்லுங்கள்.

லேப்மணி:
அதற்கும் அதே அறிக்கையில் பதில் இருக்கிறது அக்கா. அந்த 285 பேரோடு பழகிய 790 பேரைப் பின்தொடர்ந்தார்கள். இவர்களிடமிருந்து தொற்றியதாக ஒருவரைக்கூட உறுதிசெய்ய முடியவில்லை. 108 பேரின் சாம்பிளை செல்லில் விட்டு வளர்த்துப் பார்த்தார்கள், ஒன்றிலும் வைரஸ் வளரவில்லை. இருமல் நுரையீரல் ஆறுகிற வரைக்கும் இருக்கத்தான் செய்யும், வைரஸ் போன மறுநாளே அதுவும் போய்விடாது.

கரிசல்காட்டான்:
பூட்டியது என்று நான் சொன்னது நம்மூர்க் கதை. 790-ல் மூன்று பேருக்குப் புதிதாக வந்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்? அந்த மூன்று பேருக்கும் வேறு இடத்துத் தொடர்பு இருந்தது, தொற்று பரவிய ஷின்சோன்ஜி என்ற மதச் சபை, வீட்டில் வேறு நோயாளி என்று காரணம் சொன்னார்கள். வேறு தொடர்பும் இருந்தது என்றால் இதிலிருந்து வரவில்லை என்று ஆகிவிடுமா? அப்புறம், வைரஸ் குறைவாக இருக்கிற சாம்பிளில் வளர்ப்பு எடுபடாமல் போவது சகஜம் என்று உங்கள் ஆட்களே சொல்வார்கள்.

தேநீர்க்கடை:
வளர்ப்பு பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. ஆனால் 108-ல் ஒன்றுகூட இல்லை, 790 பேரில் உறுதியான தொற்று ஒன்றுகூட இல்லை, இரண்டும் ஒரே பக்கம் சாய்கிறதே! இன்னொன்று, சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர் ஓ மியோங்-டோன் ஏப்ரல் கடைசியிலேயே சொன்னது. சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடந்து பல வருடம் கழித்து அக்கியாக வரும், ஹெச்.ஐ.வி. செல்லின் கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கொரோனா கருவுக்குள் போவதில்லை, அதனால் அப்படிப் பதுங்கி எழும் என்று நினைக்கக் காரணமில்லை என்றார். மூச்சுக்குழாயின் பழைய செல்கள் உதிரும்போது துண்டுகள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

கரிசல்காட்டான்:
அப்படியென்றால் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனுக்கு என்ன ஆச்சு? 2022 ஜூலை 21 பாசிட்டிவ், பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மருந்து சாப்பிட்டு நெகட்டிவ், 30-ம் தேதி மறுபடி பாசிட்டிவ். எதற்குத் திரும்பத் தனிமைக்குப் போனார்? 2020 ஆகஸ்டில் ஹாங்காங் ஆளுக்கு ஸ்பெயின் போய்த் திரும்பும்போது இரண்டாவது தடவை வந்ததே, அதுவும் செத்த துண்டா?

லேப்மணி:
மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். ஹாங்காங் ஆளின் இரண்டு வைரஸின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் வேறு வேறு. அது நிஜமான மறுதொற்று, நாலரை மாதம் கழித்து. பைடனுடையது மருந்து நிறுத்திய சில நாளில் உயிருள்ள வைரஸ் திரும்பப் பெருகுவது, அதனால் தனிமை சரி. கொரியாவில் முதல் அறிகுறியிலிருந்து மறு பாசிட்டிவுக்கு சராசரி 45 நாள். நாள் கணக்கே வேறு.

மல்லிகா_ஆர்.என்:
ஆக, எத்தனையாவது நாள், சி.டி. எவ்வளவு என்று கேட்காமல் பாசிட்டிவ் சீட்டை மட்டும் நீட்டினால் ஒன்றும் தெரியாது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரலில் இதெல்லாம் தெரியாத நேரத்தில் அவர்களைத் திரும்பத் தனிமைப்படுத்தியது தப்பில்லை.

தேநீர்க்கடை:
தப்பே இல்லை. தெரிந்த பிறகு விட்டார்களே, அதுதான் பெரிசு. மே மாதம் மறு தனிமையை நிறுத்தினார்கள், வேலைக்கோ பள்ளிக்கோ திரும்ப நெகட்டிவ் சான்று கேட்கவேண்டாம் என்றும் சொன்னார்கள். இந்தியாவிலும் 2020 மே 8 விதிப்படி, லேசான நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் டெஸ்ட் இல்லாமலே டிஸ்சார்ஜ். ஆனால் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஹெச்.ஆர். அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆன ஆளைச் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள், நெகட்டிவ் சீட்டு வரும் வரைக்கும்.

கரிசல்காட்டான்:
ஹெச்.ஆர். அநியாயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த மூன்று பேர் விஷயத்துக்கு மரபணு வரிசை பார்த்தார்களா என்று யாராவது சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.