நீல் யங் கச்சேரி டிவிடி: ரீஜன் 1 வட்டை இங்கே ஓட்ட வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ கச்சேரிப் படத்தின் டிவிடி அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. டிவிடி எந்த நாடுகளில் ஓடும் என்பதற்கு ரீஜன் என்று ஒரு எண் உண்டு. வட்டு அமெரிக்காவுக்கான ரீஜன் 1, வீட்டிலுள்ள பிளேயர் இந்தியாவுக்கான ரீஜன் 5. போட்டதுமே வெளியே தள்ளிவிடுகிறது.

2005 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள ரைமன் அரங்கில் இயக்குநர் ஜொனாதன் டெம்மி எடுத்த படம் இது. அந்த வருடம்தான் நீல் யங்குக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை நடந்தது. ஜூனில் அப்பாவும் இறந்துபோனார். அதெல்லாம் முடிந்த கையோடு, ஒரு காலத்தில் கண்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் வைத்திருந்த பழைய மார்ட்டின் கிதாரோடு மேடையேறிப் பாடுகிறார். பாடகி எமிலூ ஹாரிஸும் சேர்ந்து பாடுகிறார். கேமரா கூட்டத்தின் பக்கம் அதிகம் போகாமல் பாடுபவர்களின் முகத்திலேயே நிற்கும். இதை யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்க எனக்கு மனமே வரவில்லை.

பிளேயரின் ரீஜன் பூட்டை ரிமோட்டிலேயே எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? கணினி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், அதனால் அதைத் தொடத் தயக்கமாக இருக்கிறது. மாற்றாமலே விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் யாருக்காவது ஓடியதா? அப்புறம், எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரையும் விலையையும் சொல்லுங்கள், இந்த வாரமே வாங்கிவிடுகிறேன்.