மெஷர்மென்ட்ஸ் லேபில் ரீடிங் எங்கே ஏமாற்றுகிறது? அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு (எலெக்ட்ரிக்கல் மெஷர்மென்ட்ஸ் ஆசிரியர்)

புது செமஸ்டர் தொடங்குகிறது. லேப் மேனுவலில் இருக்கும் சர்க்யூட்டை ஒயரிங் செய்து, டேபுலேஷன் நிரப்பி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவதோடு இந்தப் பாடம் முடிந்துவிடக் கூடாது. மீட்டரும் சர்க்யூட்டில் ஓர் உறுப்புதான் என்பது முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு உறைக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை போதும். இரண்டே மின்தடையில் முடிகிற வேலை.

ஒரு மெகா ஓம், 1% டாலரன்ஸ் ரெசிஸ்டர் இரண்டை பிரெட்போர்டில் தொடராகப் போட்டு 10 வோல்ட் டிசி கொடுங்கள். மீட்டரைத் தொடுவதற்கு முன்னால், நடுப்புள்ளியில் எவ்வளவு வரும் என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுத வையுங்கள். எல்லோரும் 5 என்றே எழுதுவார்கள். உள்தடை 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் 4.76 காட்டும். ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் என்று முகப்பில் அச்சிட்ட அனலாக் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 1.43 வரும். அதே மீட்டர், அதே புள்ளி. ரேஞ்சை மட்டும் 50-க்கு மாற்றினால் முள் 3.3-ஐத் தாண்டி நிற்கும். சர்க்யூட்டை யாரும் தொடவில்லை, ரீடிங் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. வகுப்பு அப்போதுதான் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, டிஜிட்டல் மீட்டரால் இரண்டு ரெசிஸ்டரின் குறுக்கேயும் தனித்தனியே அளந்து கூட்டச் சொல்லுங்கள். 4.76-ம் 4.76-ம் சேர்ந்தால் 9.52. மீதி 0.48 வோல்ட் எங்கே போனது? கிர்காஃப் விதி பொய்யாகவில்லை. இரண்டு அளவையும் இரண்டு வெவ்வேறு சர்க்யூட்டில் எடுத்திருக்கிறார்கள் என்பதை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள். பிறகு இரண்டையும் ஒரு கிலோ ஓமாக மாற்றினால் எல்லா மீட்டரும் 5 காட்டும். பழுது மீட்டரில் இல்லை என்பதும் அதோடு தெளிவாகிவிடும்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. புரோப் நுனி இரண்டையும் விரலால் பிடித்தால் உடம்பின் தடையும் இணையாகச் சேர்ந்து ரீடிங் தள்ளாடும். மலிவு மீட்டர் சிலவற்றில் உள்தடையே ஒரு மெகா ஓம்தான், அது 3.33 காட்டும். வகுப்புக்கு முன்பே எல்லா மீட்டரையும் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இதுபோல உங்கள் லேபில் பலன் தருகிற சோதனைகளை, அளவுகளோடு எழுதுங்கள்.

பதில் 1 (மெஷின்ஸ் லேப் பொறுப்பு)

நல்ல தொடக்கம் சார். அதிகத் தவறு நடக்கும் இடம் வாட்மீட்டர் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எம் (மெயின்ஸ்), எல் (லோடு), சி (காமன்), வி (வோல்டேஜ்) டெர்மினல்கள். எம்-ஐயும் சி-யையும் சேர்ப்பதா, எல்-ஐயும் சி-யையும் சேர்ப்பதா என்று கேட்டால் பாதிப் பேர் மேனுவலைத்தான் புரட்டுவார்கள். 300 வோல்ட், 1 ஆம்பியர் வாட்மீட்டரை எடுத்து எல்-சி சேர்த்து, லோடைக் கழற்றிவிட்டு 230 வோல்ட் கொடுங்கள். பிரஷர் காயில் (வோல்டேஜை உணரும் சுருள்) சர்க்யூட்டின் தடை 20 கிலோ ஓம் என்றால் அது இழுக்கும் 2.6 வாட்டும் கரன்ட் காயில் வழியாகவே போகும். 150 பிரிவுள்ள ஸ்கேலில் ஒரு பிரிவுக்கு 2 வாட், ஆகவே லோடே இல்லாமல் முள் ஒரு பிரிவுக்கு மேல் நகர்ந்து நிற்கும். சப்ளையை நிறுத்தி எம்-சி என்று மாற்றினால் பூஜ்யம். 40 வாட் பல்பை அளக்கும்போது அந்த 2.6 வாட் 6 சதவீதத்துக்கு மேல் பிழை. 1000 வாட் லோடில் அது ஒரு பொருட்டே இல்லை, அங்கே கரன்ட் காயிலில் விழும் இழப்பைத்தான் கவனிக்க வேண்டும். சிறு மின்னோட்டத்துக்கு எம்-சி, பெரிய மின்னோட்டத்துக்கு எல்-சி என்ற விதியை அதன்பின் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இரண்டாவது, மூன்று ஃபேஸ் மோட்டாரின் நோ-லோடு சோதனை. 415 வோல்ட், 3 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாட்மீட்டரில் ஒன்று 826 வாட், மற்றது மைனஸ் 394. கூட்டினால் 432. இரண்டாவது முள் பூஜ்யத்துக்குக் கீழே இடித்து நிற்கும். சப்ளையை நிறுத்தி, எம்-எல் மாற்றி ரீடிங் எடுக்கும் மாணவர் டேபுலேஷனில் மைனஸ் போட மறப்பார். அப்போது மொத்தம் 1220 வாட், பவர் ஃபேக்டர் 0.57. பார்த்தால் நம்பும்படியான எண், அதனால்தான் ரெக்கார்டு வரைக்கும் போய்விடுகிறது.

பிடிக்க வழி இருக்கிறது. பவர் ஃபேக்டரை இரண்டு வழியில் கணக்கிடச் சொல்லுங்கள். மொத்த வாட்டை ரூட் 3 வி ஐ-யால் வகுப்பது ஒன்று, இரண்டு வாட்மீட்டரின் வித்தியாசத்தையும் கூட்டலையும் வைத்து வரும் டேன் ஃபை சூத்திரம் இன்னொன்று. மைனஸ் விடுபட்டால் முதல் வழியில் 0.57, இரண்டாவதில் 0.85. குறி சரியாக இருந்தால் இரண்டிலும் 0.2.

இன்னொன்று: பவர் ஃபேக்டர் 0.2 என்பதால் 600 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 எல்பிஎஃப் (லோ பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர் போதும் என்று தோன்றும். அதன் முழு ஸ்கேல் 600 வாட்தான், 826 வாட் வந்தால் முள் கடைசியில் முட்டும். அந்த வாட்மீட்டர் பார்க்கும் கோணம் 48 டிகிரி (78-இல் 30 கழித்தது), லோடின் கோணமான 78 அல்ல. 10 ஆம்பியர் ரேஞ்ச் எடுத்தால் முழு ஸ்கேல் 1200 வாட், 150 பிரிவுக்கு மல்டிப்ளையிங் ஃபேக்டர் 8. ஸ்டார்டிங் கரன்ட் கடக்கும் வரை கரன்ட் காயிலை ஷார்ட் செய்யும் சுவிட்சைப் போட்டு வையுங்கள், அல்லது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் மெதுவாக ஏற்றுங்கள்.

பதில் 2 (இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆசிரியர்)

மேலே சார் சொன்ன "நம்பும்படியான தவறு" தெர்மோகப்பிளிலும் உண்டு. (இரண்டு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்ப உணரி இது; சூடான முனைக்கும் மீட்டர் பக்க முனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துக்கு ஏற்ப மில்லிவோல்ட் தரும்.)

கே டைப் தெர்மோகப்பிளைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு, நேரடியாக மில்லிவோல்ட் அளந்தால், அறை 30 டிகிரியில் இருக்கும்போது 2.89 மில்லிவோல்ட் வரும். ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் என்று வகுத்து 70 டிகிரி என்று எழுதிவிட்டு, தெர்மோகப்பிள் பழுது என்பார்கள். 30 டிகிரிக்கான 1.203 மில்லிவோல்ட்டைக் கூட்டி, வரும் 4.096-ஐ டேபிளில் பார்த்தால் 100 டிகிரி. (ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.)

இங்கே ஒரு குறுக்குவழியைப் பலர் கற்றுத் தருகிறார்கள்: 70-உடன் அறை வெப்பம் 30-ஐக் கூட்டினால் 100 வந்துவிடுகிறதே என்று. தயவுசெய்து அதைச் சொல்லித் தராதீர்கள். கே டைப் இந்த வரம்பில் ஏறக்குறைய நேர்கோடு என்பதால் தப்பிக்கிறது. எஸ் டைப்பில் 1000 டிகிரி உலையை 30 டிகிரி அறையில் அளந்தால் கிடைப்பது 9.414 மில்லிவோல்ட். டேபிளில் அதற்கு நேரே 985 டிகிரி இருக்கும். 30-ஐக் கூட்டினால் 1015, தவறு. 30 டிகிரிக்கான 0.173 மில்லிவோல்ட்டை முதலில் கூட்டி 9.587 ஆக்கிப் பார்த்தால்தான் 1000. கூட்ட வேண்டியது மில்லிவோல்ட்டை, டிகிரியை அல்ல.

மீட்டர் பக்க முனையைப் பூஜ்யம் டிகிரியில் நிறுத்த ஐஸ் பாத் வைத்தால் ஐஸைப் பொடியாக நொறுக்கி, தண்ணீர் சேர்த்து, தெர்மாஸ் ஃபிளாஸ்கில் வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டி பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்.

கலர் கோடும் கவனம். அமெரிக்க முறையில் கே டைப்புக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ்ஸில் மாட்டுவது மாணவர்களின் பழக்கம். ஐஇசி (சர்வதேசத் தர) முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். எக்ஸ்டென்ஷன் கேபிளை ஒரு முனையில் மட்டும் மாற்றினால், சூடாக்கும்போது ரீடிங் இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மாற்றிவிட்டால் ரீடிங் ஒழுங்காக ஏறும், ஆனால் தெர்மோகப்பிள் ஹெட் 50 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால் 40 டிகிரி குறைவாகக் காட்டும். வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு.

பதில் 3 (எலெக்ட்ரானிக்ஸ் லேப்)

ஆஸிலோஸ்கோப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு சேனலின் கிரவுண்ட் கிளிப்பை ஏசி முனையிலும் மற்றதை டிசி நெகட்டிவிலும் மாட்டுவார்கள். இரண்டு கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். ஒரு டையோடு ஷார்ட் ஆகி, அடுத்த அரைச் சுற்றில் பக்கத்து டையோடு நேராகச் செகண்டரியின் குறுக்கே நின்று கருகும். மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து இரண்டு கிளிப்பையும் தொட வையுங்கள். பீப் சத்தம் கேட்ட மாணவர் அதை மறக்க மாட்டார். இன்புட்டைப் பார்க்க இரண்டு புரோப் நுனியையும் ஏசி முனைகளில் வைத்து, மேத் மெனுவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். எர்த் பின்னைக் கழற்றிவிட்டு ஸ்கோப் ஓட்டும் பழக்கத்தை எந்த லேபிலும் அனுமதிக்காதீர்கள். ஸ்கோப்பின் உடம்பே லைவ் ஆகலாம்.

பதில் 4 (புரொடெக்ஷன் பாடம்)

கரன்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு (சிடி) ஒரு கைவேலை. 50/5 ரிங் சிடி ஒன்றும் 2 கிலோவாட் ஹீட்டரும் போதும். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். ஒயரை ஒருமுறை நுழைத்தால் செகண்டரியில் 0.87, ஐந்து முறை சுற்றினால் அதே சிடி 10/5 ஆகி 4.35 ஆம்பியர் காட்டும். ரேஷியோ என்பது சுற்றுகளின் கணக்கு என்பது கையில் பிடிபடும்.

செகண்டரியைத் திறந்து விடாதே என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பாதுகாப்புக்கு என்று நினைத்து மாணவர்களே அதில் ஃப்யூஸ் போடுவார்கள், அதைத் தேடிப் பாருங்கள். ஃப்யூஸ் போனால் செகண்டரி திறந்துவிடும். அம்மீட்டரைக் கழற்றும் முன் செகண்டரி முனைகளான எஸ்1-எஸ்2 இடையே ஷார்ட்டிங் லிங்க் போட வேண்டும். பேட்ச் கார்டை வெறுமனே செருகி வைப்பது லிங்க் ஆகாது. பர்டனையும் (செகண்டரி தாங்கக்கூடிய சுமை) கணக்கிட வையுங்கள்: 5 விஏ, 5 ஆம்பியர் என்றால் 0.2 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 11.5 மில்லி ஓம். போக வர 17 மீட்டர் ஓடினாலே மொத்தப் பர்டனும் ஒயரிலேயே தீர்ந்துவிடும்.

பதில் 5 (லேப் அசிஸ்டென்ட்)

சார், மேடம் எல்லோரும் எழுதியதில் விட்டுப்போன ஒன்று. "மில்லி ஆம்பியர் பூஜ்யம் காட்டுது" என்று வருகிற மல்டிமீட்டரில் பெரும்பாலும் ஃப்யூஸ்தான் போயிருக்கும். சிவப்பு லீடை மில்லி ஆம்பியர் ஜாக்கில் செருகியபடியே யாரோ வோல்டேஜ் அளந்திருப்பார்கள். மீட்டரைத் திறக்க வேண்டியதில்லை. சிவப்பு லீடு வோல்ட்-ஓம் ஜாக்கில் இருக்கட்டும், ஓம் ரேஞ்சில் வைத்து, அந்த லீடின் நுனியை மில்லி ஆம்பியர் ஜாக்குக்குள் தொடுங்கள். சில ஓம் காட்டினால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, ஓஎல் என்று வந்தால் போய்விட்டது. ஃப்யூஸ் மாற்றும்போது பழையதில் என்ன ஆம்பியர், என்ன வோல்ட் அச்சிட்டிருக்கிறதோ அதே போடுங்கள். செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்த மீட்டர் அடுத்த பேட்ச் மாணவர் கையில் வெடிக்கும்.