ஐஸ் உருண்டை கையிலேயே உதிர்கிறது, கேஸ் லைட் மஞ்சளாக எரிகிறது. பழைய கை யாராவது இருக்கிறீர்களா?

சுங்கை_நிபோங் எழுதியது:

வணக்கம். பினாங்கில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அடுத்த மாதம் 'எழுபதுகளின் சாயங்காலம்' நடத்துகிறோம். பல்லாங்குழி, பம்பரம், கோலிக்கெல்லாம் ஆள் இருக்கிறது. இரண்டு விஷயம்தான் இழுக்கிறது.

முதலாவது, பள்ளிக்கூட வாசலில் சைக்கிள்காரர்கள் 5 காசு, 10 காசுக்கு விற்ற ஐஸ் உருண்டை. கையால் சுற்றும் பழைய இரும்பு மிஷின் கிடைத்துவிட்டது. வீட்டு ஃபிரீசரில் 2 லிட்டர் டப்பாவில் உறைய வைத்த கட்டியைத்தான் போட்டுச் சீவுகிறோம். சீவல் பூவாகத்தான் விழுகிறது. ஆனால் உருட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. எப்படியோ அழுத்திப் பிடித்தாலும் சர்பத் ஊற்றியதும் பிளந்துவிடுகிறது, சர்பத்தும் மேலே நிற்காமல் அடிக்கு ஓடிவிடுகிறது. 200 பேருக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைகளில் தொங்கிய கேஸ் லைட். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்துப் பற்ற வைத்தால் மஞ்சள் சுடர் குபீரென்று மேலே வருகிறது, புகை வேறு. கெட்டுப்போன விளக்கா, பற்ற வைக்கும் முறை தப்பா?

இழைப்புளி எழுதியது:

மிஷினில் குறை இல்லை. உங்கள் ஐஸ் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது.

ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்டி மைனஸ் 18 டிகிரி. அதைச் சீவினால் கிடைப்பது காய்ந்த தூள். ஒரு துகளும் இன்னொரு துகளும் ஒட்ட வேண்டுமானால் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். அழுத்தும்போது அந்த ஈரம்தான் உறைந்து பிணைக்கிறது. சைக்கிள்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து லோரியில் வந்து, மரத்தூளும் கோணிச்சாக்கும் சுற்றிப் பாதி நாள் கிடந்த கட்டி அது. அவர்கள் கைக்கு வரும்போதே பூஜ்யம் டிகிரியில் சொட்டிக்கொண்டிருக்கும்.

கட்டியை டப்பாவிலிருந்து எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, பினாங்கு வெப்பத்தில் என்றால் 15 முதல் 20 நிமிடம் நிழலில் வையுங்கள். எடுத்தவுடன் மேலே வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், விரல் வைத்தால் ஒட்டும். பனி மறைந்து, மேல் முழுக்கப் பளபளப்பாகி, அடியில் நீர் சொட்ட ஆரம்பித்தால் தயார். அதற்கு முன் சீவாதீர்கள்.

அடுத்தது கத்தி. அந்தக் காலத்தில் இரண்டரை அடி நீளப் பலகையின் நடுவில் பிளவு போட்டு, ஆசாரியின் இழைப்புளிக் கத்தியை வாய் மேலே தெரிய ஆப்பு அடித்துச் செருகியிருப்பார்கள். கட்டியை அதன் மேல் தள்ளினால் சீவல் கீழே பாத்திரத்தில் விழும். மிஷினுக்கும் கணக்கு அதேதான். கத்தி வெளியே நீட்டும் அளவு 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். அரை மில்லிக்கும் குறைத்தால் கையில் சேருமுன் கரைந்துவிடும். ஒன்றரைக்கு மேல் போனால் தகடு தகடாக வரும், உருண்டை நிற்காது. கத்தி மழுங்கியிருந்தால் சீவல் வராது, நொய்யாகக் கொட்டும். ஒரு தடவை சாணைக்கல்லில் தீட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உருட்டும் விதம்: ஒரு கை நிறைய அள்ளி, உள்ளங்கையில் கிண்ணமாகக் குழித்து, ஒரு டீஸ்பூன் கச்சாங் (வேக வைத்த இனிப்புப் பயறு) வைத்து, மேலே இன்னொரு பிடி மூடுங்கள். முதலில் லேசாக, நாலா பக்கமும் திருப்பித் திருப்பி. வடிவம் வந்த பிறகுதான் பலமாக. முதல் அழுத்தலிலேயே முழுப் பலத்தையும் போட்டால் மேலோடு மட்டும் இறுகும், உள்ளே பஞ்சாக இருக்கும். உங்களுடையது பிளப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வெறுங்கையில் உருட்டிய காலம் போயிற்று, கையுறை போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும் என்றால் பத்து உருண்டையில் விரல் மரத்துப் போகும். உள்ளே பருத்தி உறை, மேலே பிளாஸ்டிக்.

எட்டு சென்டிமீட்டர் உருண்டை ஏறக்குறைய 150 கிராம். 200க்கு 30 கிலோ. உருகுவது, மிஷினில் பிடிபடாமல் மிஞ்சும் அடிக்கட்டை எல்லாம் சேர்த்து 45 கிலோ கையில் வையுங்கள். மீன் ஜெட்டிப் பக்கம் கிடைக்கும் பெரிய கட்டியை வாங்கிவிடாதீர்கள், அது மீனுக்கு.

கெட்டிப்பாகு எழுதியது:

சர்பத் அடிக்கு ஓடுகிறது என்றால் தண்ணீராக இருக்கிறது. சூடாகவே ஊற்றினீர்களோ என்றும் ஒரு சந்தேகம். வெதுவெதுப்பு இருந்தாலே உருண்டையில் ஓட்டை விழும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததைத்தான் ஊற்ற வேண்டும்.

1 கிலோ சீனிக்கு 500 மில்லி தண்ணீர், நாலு பாண்டான் இலை முடிச்சுப் போட்டு. சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆறிய பிறகுதான் ரோஸ் எசென்ஸ், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். சூட்டில் விட்டால் வாசனை பறந்துவிடும். பழுப்பு நிறத்துக்கு குலா மலாக்கா (தென்னஞ்சர்க்கரை) 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. கட்டாயம் வடிகட்டுங்கள், மண்ணும் தென்னந்தும்பும் இருக்கும்.

பாதி சிவப்பு, பாதி பழுப்பு, நடுவில் டின் பால் ஒரு கோடு. பழைய முறை அதுதான். 2018-ல் ஊரே வரிசை நின்ற 'ஐஸ் கெப்பால் மைலோ' (மைலோ ஊற்றிய ஐஸ் சீவல்) கப்பில் போட்டுக் கரண்டியால் சாப்பிடுவது. அதைக் கொண்டுவந்து எழுபதுகள் என்று வைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

பாட்டிலுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை, எதிரெதிராக. ஒன்றில் சர்பத் வரும், மற்றதில் காற்று போகும். ஒரே ஓட்டை போட்டால் குடக் குடக் என்று விட்டுவிட்டுக் கொட்டி உருண்டையை உடைக்கும்.

கச்சாங் சின்னச் சிவப்புப் பயறு, 700 கிராம் போதும். முதல் நாள் இரவே ஊற வைத்து, விரலால் நசுங்கும்வரை வேக வைத்து, அப்புறம் சீனி. முன்னாலேயே சீனி போட்டால் தோல் இறுகிவிடும், எத்தனை மணி நேரம் வேக வைத்தாலும் பயனில்லை.

லெபோ_தமிழ்_பக்கம் எழுதியது:

கெட்டிப்பாகு சொன்ன, ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சீனி என்பது கொஞ்சம் ஆபத்தான அளவு. அறை வெப்பத்தில் தண்ணீர் தாங்கும் சீனியின் எல்லை ஏறக்குறைய அதுதான். இரண்டு நிமிடம் கூடக் கொதித்தால் தண்ணீர் வற்றி, ஃபிரிட்ஜில் வைத்ததும் அடியில் கல்கண்டாக இறங்கும், மூடி ஓட்டையும் அடைத்துக்கொள்ளும். 3 பங்கு சீனிக்கு 2 பங்கு தண்ணீர் வையுங்கள், அரை எலுமிச்சை பிழியுங்கள். உருண்டையில் நிற்கவும் செய்யும், உள்ளே இறங்கவும் செய்யும்.

அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். உருண்டைக்கு முதல் தடவை 35 மில்லி போகும். உறிஞ்சி உறிஞ்சி வெள்ளையானதும் பிள்ளைகள் திரும்ப வந்து நீட்டுவார்கள். அந்த இரண்டாவது ஊற்று இல்லாவிட்டால் அது ஐஸ் உருண்டையே இல்லை. ஆளுக்கு 50 மில்லி, மொத்தம் 10 லிட்டர். எல்லாம் ஒரே சர்பத்தாகக் கணக்குப் போட்டால் 8 கிலோ சீனி, ஐந்தேகால் லிட்டர் தண்ணீர். குலா மலாக்கா சேர்த்தால் அந்த அளவுக்கு இதைக் குறையுங்கள்.

மேசையில் இன்னொன்றும் வைக்க இடமிருந்தால், லெபோ தமிழ் தெருவில் இன்றும் விற்கும் ஐஸ் திங்காப்பை ஒரு நடை போய்ப் பாருங்கள். சிவப்புச் சர்பத்தில் இளந்தேங்காயும் ஊறிய செலாசே (சப்ஜா) விதையும் போட்ட பானம். உருட்டும் வேலை இல்லாததால் வரிசை நீளும்போது கைகொடுக்கும்.

மேன்டல்_கட்டியவன் எழுதியது:

கேஸ் லைட் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்!

விளக்கு நல்ல விளக்காகத்தான் தெரிகிறது. மண்ணெண்ணெய் ஆவியாகுமுன் திறந்துவிட்டிருக்கிறீர்கள். மேன்டலுக்கு (சூட்டில் வெள்ளையாக ஒளிரும் வலைப்பை) மேலே போகும் குழாய் சூடேறினால்தான் எண்ணெய் ஆவியாக வரும். சூடேறாவிட்டால் எண்ணெயாகவே கொட்டி மஞ்சளாக எரியும்.

எப்போதும் வெளியில், கூடாரத் துணிக்கு ஒரு மீட்டராவது கீழே. தொட்டியை முக்கால் அளவுக்குத்தான் நிரப்ப வேண்டும், மீதி காற்றுக்கு. மண்ணெண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது. பெட்ரோல் கலந்தால் வெடிக்கும், அதில் பேச்சே இல்லை. புது மேன்டலை முனையில் கட்டி, சுருக்கங்களைச் சமமாகப் பரப்புங்கள். காற்றுத் திருகைத் தளர்த்தி வைத்து, குழாயைச் சுற்றியுள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் நிரப்பிப் பற்ற வையுங்கள். மேன்டலும் அதிலேயே எரிந்து வெள்ளைச் சாம்பலாகும். அதன் பிறகு அதைத் தொட்டால் உடையும். ஸ்பிரிட் அணையப் போகும் நேரத்தில், முன்னால் இல்லை, காற்றுத் திருகை இறுக்கிப் பம்ப் அடித்து, குமிழை மெல்லத் திறங்கள். 'உஸ்ஸ்' சத்தத்தோடு வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரஷர் முள் சிவப்புக் கோட்டை எட்டும்வரை அடியுங்கள். மஞ்சள் சுடர் வந்தால் தயங்காமல் காற்றைத் திறந்துவிட்டு, ஆறிய பிறகு முதலிலிருந்து.

இவ்வளவு செய்தும் புகைந்தால் காற்று போகும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த விளக்கு என்றால் குளவி மண் வைத்திருக்கும், அல்லது சிலந்திக் கூடு. கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. பம்ப் அடித்தும் காற்று ஏறாவிட்டால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது. மிஷின் எண்ணெயில் ஊற வையுங்கள். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும்.

பழைய ஸ்டாக் மேன்டல் வாங்காதீர்கள். முந்திய காலத்து மேன்டலில் தோரியம் இருந்தது, லேசான கதிரியக்கம் உள்ள பொருள். சாம்பலைப் பிள்ளைகள் ஊதி விளையாடக் கூடாது. தோரியம் இல்லாத இப்போதைய மேன்டல் கிடைக்கிறது.

சுங்கை_நிபோங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டியை 20 நிமிடம் வெளியே வைத்ததும் உருண்டை நின்றுவிட்டது! இன்னும் ஒரு கேள்வி. 45 கிலோவை வீட்டு ஃபிரீசரில் உறைய வைக்க முடியாது. கடையில் பையில் விற்கும் டியூப் ஐஸை மிஷினில் போடலாமா?

இழைப்புளி எழுதியது:

அப்படியே போட்டால், கட்டியைப் பிடித்துச் சுழற்றும் முள்தட்டில் பிடிபடாமல் சுழன்று தெறிக்கும். டியூப் ஐஸை டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் ஃபிரிட்ஜில் குளிர்ந்த குடிதண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். தண்ணீர் மட்டும் வைப்பதைவிட வெகு சீக்கிரம் கட்டியாகிவிடும். கலங்கலாக இருக்கும், பரவாயில்லை, சீவினால் எல்லாம் வெள்ளைதான். ஒட்டுப் போட்ட இடத்தில் பிளக்கக்கூடும் என்பதால் மேல்திருகை ஒரேயடியாக முறுக்காமல், சீவச் சீவக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நாலைந்து வீட்டு ஃபிரீசரில் பிரித்து மூன்று நாள் முன்னாலேயே தொடங்கினால் 45 கிலோ சேர்ந்துவிடும். அன்றைக்குக் கட்டிகளை மீன் பெட்டி மாதிரி தடித்த பெட்டியில் வைத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். தேங்கும் தண்ணீரில் உட்கார்ந்த கட்டிதான் சீக்கிரம் கரையும்.

இரவு முடிந்ததும் கத்தியைக் கழற்றித் துடைத்துச் சமையல் எண்ணெய் தடவி வையுங்கள் தம்பி. பழைய இரும்பு, ஈரத்தோடு விட்டால் காலையில் துரு பிடித்திருக்கும்.