ஓடுகிற மடிக்கணினியைத் தூக்கிப் போடவா?

கேள்வி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். 2016இல் அப்பா வாங்கிக் கொடுத்த மடிக்கணினி. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். அவர் ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர்களில் ‘க’ மட்டும் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டுமாம். பட்டணத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ‘புதுசு வாங்கு’ என்கிறார்கள். நன்றாக ஓடுகிற பொருளை எதற்குக் குப்பையில் போடவேண்டும்? வயிறு எரிகிறது. தங்கச்சியின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) படிப்புக்கும் இதுதான்.

பதில், தைப்பிங்:
போடாதே தம்பி. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், மாற்று. அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் அதிலேயே சோதித்துவிடு. தமிழ்99 விசைப்பலகை அமைப்பு உண்டு, ஸ்டிக்கர் வீணாகாது. கோப்புகளை முன்கூட்டியே படி எடுத்து வை.

பதில், பாகான் டத்தோ:
இடி இடித்தால் சார்ஜரை மட்டும் பிடுங்கினால் போதாது. எங்கள் வீட்டில் மின்னல் ரவுட்டரின் லேன் கேபிள் வழியாக வந்து கணினியின் மதர்போர்டையே சுட்டுவிட்டது. அதையும் கழற்று.

கேட்டவர்:
மின்ட் ஓடுகிறது அண்ணே! வைஃபை உடனே பிடித்தது. ‘க’ தட்டினேன், வந்தது. சனிக்கிழமை எஸ்எஸ்டி. அடியில் ஒரு திருகாணி மட்டும் தலை வழுக்குகிறது.

பதில், தைப்பிங்:
அகலமான ரப்பர் பேண்டை மேலே வைத்து, திருப்புளியால் நன்றாக அழுத்தி மெதுவாகத் திருகு.