கீட்டோ, ஷேக், 16 மணி நேர விரதம்: இதில் எது மூணு வருஷம் தாங்கும்?

தண்டையார்பேட்டை வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வயது 41, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறரைக்குத்தான் எழுவேன். சமீபத்தில் ரத்தம் பரிசோதித்ததில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "எடையைக் குறைங்கம்மா, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சரி, ஊரில் யோசனைக்கா பஞ்சம்? ஆபீசில் ஒரு கூட்டம் கீட்டோவில், அதாவது மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகிற டயட்டில், இருக்கிறது. பனீரும் முட்டையுமாக டப்பா கொண்டு வருகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா ஷேக் பவுடர் விற்கிறார். காலையும் இரவும் அதைக் குடித்துவிட்டு மதியம் மட்டும் சாப்பிடச் சொல்கிறார். என் தம்பி, "அக்கா, 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரம் சாப்பாடு, அவ்வளவுதான்" என்கிறான்.

வீட்டில் நான், கணவர், இரண்டு பையன்கள், மாமியார். சமையல் என் பொறுப்பு. எனக்கென்று தனியாக ஒரு அடுப்பு பற்றவைக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. ஞாயிறு என்றால் காசிமேட்டு மீன்; அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எது சீக்கிரம் குறைக்கும் என்று நான் கேட்கவில்லை. ஆபீசிலேயே ஒருத்தர் மளமளவென்று இளைத்து, அடுத்த பொங்கலுக்குள் பழைய பேண்ட்டுக்கே திரும்பிவிட்டார். குறைந்தது திரும்ப ஏறக்கூடாது. அதற்கு எதைப் பிடித்துக்கொள்வது?

கேட்டு மூடியாச்சு:

உங்கள் தம்பி சொல்வதுதான் என் ஓட்டும். எண்ணூர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுப் பக்கம் வீடு, பேரைப் பார்த்தாலே தெரியும். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில் பரோட்டா, சால்னா, கூட ஒரு ஆம்லெட் என்று பழகிப்போயிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாயைக் கட்டினேன், தொப்பை இறங்கியது. இரண்டு வருஷமாக ஏறவில்லை. எதையும் எடை போட வேண்டாம், எதையும் தனியாகச் சமைக்க வேண்டாம். கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும். எங்கப்பாவையும் இதற்கு இழுத்துவிடலாம் என்று இருக்கிறேன், அவருக்கும் சர்க்கரை.

பழைய டயட் கிச்சன்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயட் செக்‌ஷனில் நோயாளிகளுக்குச் சாப்பாடு அளந்து அனுப்பிய ஆள். ரிட்டயர் ஆகி புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி "கேட்டு மூடியாச்சு"வுக்கு. அப்பாவை டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவரோ இன்சுலின் போடுகிறவரோ வேளை தவறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. உங்கள் தொப்பை இறங்கியது உண்மைதான், ஆனால் இறக்கியது கடிகாரம் இல்லை. பரோட்டா போனதுதான் காரணம். சீனாவில் குவாங்சோவில் 139 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. பாதிப் பேருக்கு மட்டும் 8 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை. அவர்கள் சராசரி 8 கிலோ குறைந்தார்கள், நிபந்தனை இல்லாதவர்கள் 6.3 கிலோ. அதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றுதான் ஆய்வாளர்களே சொன்னார்கள். ராத்திரியில் கண்டதைத் தின்கிற பழக்கம் இருந்தால் இந்த முறை பொருந்தும். தங்கச்சிக்கு அந்தப் பழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

கீட்டோவுக்கு வருவோம். 1921-ல் வலிப்பு நோய்க்காக வந்த சிகிச்சைச் சாப்பாடு அது. முதல் வாரமே இரண்டு கிலோ போச்சு என்று ஆபீசில் குதிப்பார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் இரண்டும் சேர்ந்து திரும்பும். கீட்டோ வேலை செய்யாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் (நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரி இல்லை) 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கொழுப்பையும் இன்னொரு பக்கம் மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். 2018-ல் வந்த முடிவு: ஒரு வருஷத்தில் 5.3 கிலோ, 6 கிலோ. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரண்டு பக்கத்திலும் 25 கிலோவுக்கு மேல் இளைத்தவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். அதனால் டயட்டின் பேரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஷேக்கையும் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளைக்குச் சுமார் 850 கலோரிக்குப் பானம் மட்டும் கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. முதல் வருஷ முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். பெரிய விஷயம். ஆனால் அங்கே நர்சும் டயட்டீஷியனும் கூடவே இருந்தார்கள். பானத்தை நிறுத்திய பிறகு சாதாரணச் சாப்பாட்டுக்கு எப்படித் திரும்புவது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகும் இரண்டாம் வருஷத்தில் அந்த எண்ணிக்கை 36 சதவீதமாக இறங்கியது. தெருவில் டப்பா விற்கிற அம்மா அடுத்த டப்பாவைத்தான் கொடுப்பார்.

உங்கள் ஆபீஸ்காரர் திரும்ப ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு வாய்க்கட்டு இல்லை என்று நினைக்காதீர்கள். எடை வேகமாக இறங்கினால் பசியைத் தூண்டுகிற ஹார்மோன் கூடுகிறது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும் அது பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-ல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் பசி வந்தபோது அவர் கையில் இருந்தது பனீரும் வெறுப்பும் மட்டுமாக இருந்திருக்கும்.

நான் வைக்கிற பரீட்சை வேறு. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வாரம், தீபாவளி வாரம், பையனுக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஆபீசில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற வாரம். இந்த நாலு வாரத்திலும் அதே சாப்பாட்டைச் சாப்பிட முடியுமா? முடியாது என்றால் அது உங்களுக்கான டயட் இல்லை.

அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டையே திருத்துவதுதான் மிச்சம். கணக்காளர் என்கிறீர்கள், கணக்காகவே சொல்கிறேன்.

எண்ணெய். ஐந்து பேருக்கு மாதம் 6 லிட்டர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளைக்குச் சுமார் 37 கிராம், அதாவது 330 கலோரி. கிராமுக்கு 9 கலோரி, கடலை எண்ணெய் என்றாலும் நல்லெண்ணெய் என்றாலும் அதேதான். 4 லிட்டராக்கினால் ஆளுக்கு 110 கலோரி குறையும். யாருக்கும் தனி அடுப்பு வேண்டாம். தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் எடுங்கள், போதும்.

சோறு. வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஒரு வாரம் உங்கள் தட்டில் போடுவதைத் தராசில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 400 கிராம் தாண்டும். 200 கிராமாக்கி, காலியான இடத்தில் பொரியலையும் கூட்டையும் நிரப்புங்கள். கீரை, அவரை, புடலை, எது மலிவோ அது. சோறே வேண்டாம் என்று தயவுசெய்து போக வேண்டாம். மீன் குழம்பை வெறும் வாயில் குடிக்கவா முடியும்?

டீ. ஆபீசில் நாலு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். அதுவே 160 கலோரி. இரண்டு டீ, அரை ஸ்பூன் என்று இறக்குங்கள். நாக்கு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், முகம் சுளிக்கும், பிறகு மறந்துவிடும்.

மூன்றும் சேர்ந்தால் நாளைக்கு ஐந்நூறு கலோரி வரை குறையும். வாரத்துக்கு அரைக் கிலோ என்று ஆரம்பித்து, போகப் போக மெதுவாகும். உடம்பு சின்னதாகும்போது அதன் செலவும் குறையும், அதனால் பயப்பட வேண்டாம். 74-ல் 7 சதவீதம் என்றால் 5 கிலோ சொச்சம். உங்கள் சர்க்கரைக்கு அதுவே பெரிய லாபம்.

பசிக்காமல் இருக்கப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். நீங்கள் காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பவுடர் டப்பாவைப் பற்றி யோசிப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது! வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி எல்லாம் விலையும் குறைவு, சத்தும் கூட. குழம்பில் போடுங்கள், வறுவலை ஆளுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, இது நம்ம பேட்டைச் சமாச்சாரம். ராயபுரத்து நீரிழிவு ஆராய்ச்சி மையத்து மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு, உங்களை மாதிரி எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து, 2006-ல் முடிவைச் சொன்னது. நடை, சர்க்கரை, மாவு, எண்ணெய்க் குறைப்பு என்று பழக்கத்தை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம். ஆகவே தராசு முள் நகராத மாதத்தில் விட்டுவிடாதீர்கள். ராபின்சன் பார்க்கோ மெட்ரோ ஸ்டேஷன் வரைக்குமோ, தினம் அரை மணி நேரம் நடங்கள்.

மின்ட் தெரு மருமகள்:

அக்கா சொல்வது சரி. ஆனால் ஷேக் குடித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காலை வேளைக்கு மட்டும் அது எனக்கு வசதியாக இருந்தது, அதில் பொய் இல்லை. நாஸ்டா செய்ய நேரமே இருக்காது. மாசக் கடைசியில் டப்பா தீர்ந்தால்தான் வலி தெரியும். இப்போது இரண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா. நேரம் அதேதான் ஆகிறது, செலவு ரொம்பக் குறைவு.

தண்டையார்பேட்டை வாசி:

ரொம்ப நன்றி அக்கா. எண்ணெய்க் கணக்கு உண்மையிலேயே வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்கள் வீட்டில் 6 இல்லை, 7 லிட்டர்.

இரண்டு சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் எங்கள் பக்கம் விலை ஏறிவிடும், அப்போது என்ன செய்ய? கருவாடு சரியா? அப்புறம், வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் பீச் ஸ்டேஷன் பக்கம் எல்லாருமாக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவோம். அதை விடச் சொல்லிவிடாதீர்கள்.

பழைய டயட் கிச்சன்:

தடைக்காலத்தில் விசைப்படகுகள்தான் நிற்கும். சின்ன ஃபைபர் படகுகள் போகும், நெத்திலியும் மத்தியும் கொஞ்சம் வரும். கிடைத்த அன்றைக்கு வாங்குங்கள். மற்ற நாளில் முட்டை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு. ஒரு கிண்ணம் சுண்டலில் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. கருவாடு குழம்புக்கு வாசனைக்காக ஓரிரு துண்டு சரி, தினசரி வேண்டாம். அதன் உப்பு ஒரு பக்கம், அதற்காக இறங்குகிற சோறு இன்னொரு பக்கம். மாமியாருக்குப் பிரஷர் இருந்தால் இன்னும் குறைவாக.

அத்தோவை விட வேண்டாம். தட்டில் நூடுல்ஸோடு பூண்டு எண்ணெயும் வறுத்த வெங்காயமும் பேஜோ என்கிற பொரித்த மொறுமொறு தட்டையும் சேர்வதுதான் கனம். ஒரு தட்டை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, எண்ணெயைக் கம்மியாக ஊற்றச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். வாழைத்தண்டு சூப்பும் ஒரு முட்டையும் கூட வாங்குங்கள். வயிறு நிறைந்துவிடும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் மோர் மட்டும் போதும்.

7 லிட்டரை ஒரே மாதத்தில் 4 ஆக்காதீர்கள், குழம்பு மாறிவிட்டது என்று மாமியார் உடனே கண்டுபிடித்துவிடுவார். இந்த மாதம் 6, அடுத்த மாதம் 5. இடுப்பைச் சுற்றி ஒரு டேப் வைத்து அளந்து இன்றைக்கே எழுதி வையுங்கள்; நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.தான் வரம்பு. டாக்டரிடம் போகும்போது எடையோடு அதையும் காட்டுங்கள், ஹெச்பிஏ1சி-யையும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.